புது பிளக் வயர்: மாட்டும் முன்பும் மாட்டிய பின்பும்

பழைய பெட்ரோல் கார்களின் ஸ்பார்க் பிளக் வயர்கள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: என்னிடம் நாலு சிலிண்டர் கார்புரேட்டர் கார் இருக்கிறது. வெயில் ஏறிவிட்டால் நன்றாக ஓடுகிறது. பனியும் ஈரமுமான காலையில் ஸ்டார்ட் ஆகத் திணறுகிறது. மேடு ஏறும்போது மிஸ்ஸிங் வருகிறது. பிளக் நான்கும் புதியவை, கார்புரேட்டரையும் சுத்தம் செய்தாகிவிட்டது. வயர்தான் காரணமா? எப்படி உறுதி செய்வது?

பதில்: ஈரத்தில் ஒரு தொல்லை, மேட்டில் ஒரு தொல்லை, இரண்டும் சேர்ந்து வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது வயரையும் டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பையும்தான். ஒவ்வொரு பிளக்குக்கும் முறை வைத்துக் கரண்டைப் பிரித்து அனுப்பும் பாகம் டிஸ்ட்ரிபியூட்டர், அதன் மூடி கேப்.

காரணம் இதுதான். பிளக்கின் இடைவெளியைத் தாண்ட எவ்வளவு வோல்ட் வேண்டுமோ அதுவரை, பொறிக்கான உயர் வோல்ட்டை உண்டாக்கும் காயிலின் அழுத்தம் ஏறும். ஐடிலில் சிலிண்டருக்குள் காற்று குறைவு, அதனால் குறைந்த வோல்ட்டிலேயே பொறி பறந்துவிடும். மேட்டில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது சிலிண்டர் நிறையக் காற்றும் பெட்ரோலும் போய் இறுகுகின்றன. இறுகிய கலவைக்குள் பொறி தாண்டுவது கடினம், வோல்ட் 15,000, 20,000 என்று ஏறியாக வேண்டும். அந்த நேரத்தில் வயரின் ரப்பரில் ஒரு வெடிப்பு இருந்தால் கரண்டுக்கு அது சுலபமான வழி. பிளக்குக்குப் போகாமல் பக்கத்தில் உள்ள இரும்புக்குத் தாவிவிடும். ரப்பர் மேல் அழுக்கும் ஈரமும் படிந்திருந்தால் வெடிப்பே இல்லாமலும் மேற்பரப்பு வழியாகக் கசியும். வெயில் ஏறி ஈரம் காய்ந்ததும் சரியாகிவிடுவது இதனால்தான்.

சோதனை இரண்டு உண்டு. இரண்டையும் செய்ய வேண்டும், ஏனென்றால் ஒன்று காட்டும் கோளாறை மற்றது காட்டாது.

முதலாவது இருட்டில் பார்ப்பது. இரவில், திறந்த வெளியில் காரை நிறுத்தி, பானட்டைத் திறந்து இன்ஜினை ஐடிலில் ஓடவிடுங்கள். டார்ச்சை அணைத்துவிட்டு அரை நிமிடம் கண்ணைப் பழக்கிக்கொண்டு பாருங்கள். கரண்ட் லீக் ஆகும் இடத்தில் மெல்லிய நீலப் பொறி ஓடும், கூடவே ‘டிக் டிக்’ என்று சன்னமான சத்தம் கேட்கும். ஒன்றும் தெரியாவிட்டால் பூச்செடிக்குத் தெளிக்கும் ஸ்பிரேயரால் வயர்கள் மேல் பனிபோலத் தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். இன்ஜின் ஓடும்போது வயரைக் கையால் தொடக் கூடாது. தொங்கும் துணி, அவிழ்ந்த கூந்தல் ஃபேன் பக்கம் போகக் கூடாது. இதயத்துக்கு பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் இந்த வேலைக்கு அருகிலேயே வர வேண்டாம்.

இரண்டாவது மல்டிமீட்டர் சோதனை. இன்ஜினை அணைத்து, ஒவ்வொரு வயராக இரு முனையையும் கழற்றி ஓம் அளவு பாருங்கள். உங்கள் காரின் மேனுவலில் அளவு கொடுத்திருந்தால் அதுவே இறுதி. இல்லாவிட்டால், உள்ளே கார்பன் நார் ஓடும் கார்பன் கோர் வயரில் ஒரு அடி நீளத்துக்கு 10,000 முதல் 12,000 ஓமுக்கு மேல் போனால் ஆயுள் முடிந்தது என்று பொதுவாகக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். நீளமான வயரில் ஓம் அதிகமாக இருப்பது இயல்பு. நான்கு வயரில் ஒன்று மட்டும் தன் நீளத்துக்குப் பொருந்தாமல் எகிறி நின்றால் அதுதான் குற்றவாளி. மீட்டர் ஊசிகளை அப்படியே பிடித்துக்கொண்டு வயரை வளைத்து, ஆட்டிப் பாருங்கள். எண் தாவித் தாவி ஓடினால் உள்ளே கார்பன் நார் அறுந்து, முனைகள் தொட்டும் தொடாமலும் இருக்கிறது என்று அர்த்தம். மீட்டர் அனுப்புவது சில வோல்ட்தான் என்பதையும் மறக்க வேண்டாம். உள் நார் நன்றாக இருந்து வெளி ரப்பர் வெடித்த வயரை அது ‘நல்ல வயர்’ என்றே காட்டும்.

கேப்பைக் கழற்றி உள்பக்கத்தையும் வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கோ விளிம்புக்கோ பென்சிலால் கிறுக்கியது போல மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தால், அது கரண்ட் ஓடிக் கருகிய தடம். துடைத்தாலும் போகாது, கேப்பை மாற்றித்தான் ஆக வேண்டும். நடுவில் ஸ்பிரிங் மேல் நிற்கும் கார்பன் பிரஷ் தேயாமல், அழுத்தினால் திரும்பி எழும்புகிறதா என்றும் பாருங்கள். வயர், கேப், கேப்புக்குள் சுற்றிக் கரண்டைப் பங்கிடும் ரோட்டர் மூன்றும் எப்போது போட்டவை என்றே தெரியாத கார் என்றால் மூன்றையும் ஒரே தடவையில் மாற்றிவிடுவது நல்லது.

கேள்வி: வயர் செட் வாங்கிவிட்டேன். நானே மாட்டப் போகிறேன். எந்த வரிசையில் செய்வது, எதில் கவனம் வேண்டும்?

பதில்: இன்ஜின் முழுக்க ஆறிய பிறகே தொடங்குங்கள். கை சுடும் என்பதோடு, அலுமினிய ஹெட் சூடாக இருக்கும்போது பிளக்கைக் கழற்றினால் மரை பிய்ந்து வர வாய்ப்பு உண்டு. சாவியை எடுத்துவிடுங்கள். ஒன்றையும் தொடும் முன் நான்கு பக்கமிருந்தும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கேப்பில் 1-ஆம் சிலிண்டர் வயர் உள்ள இடத்தில் பெயிண்ட்டால் ஒரு புள்ளி வையுங்கள்.

புது வயர்களைத் தரையில் நீளவாரியாகப் பரப்பி, பழைய வயர்களின் நீளத்தோடு ஒப்பிட்டு எது எதற்கு என்று முடிவு செய்துகொள்ளுங்கள். எல்லா வயரையும் ஒரே நேரத்தில் பிடுங்கிப் போடாதீர்கள். ஒன்றைக் கழற்றி, அதற்குரிய புதியதை இரு முனையிலும் மாட்டி முடித்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள். இந்த ஒரு கட்டுப்பாடு இருந்தால் வரிசை மாறவே மாறாது.

கழற்றும்போது பிடிக்க வேண்டியது முனையை மூடியிருக்கும் ரப்பர் உறையை, அதாவது ‘பூட்’டை. வயரைப் பிடித்து இழுத்தால் உள்ளே நார் அறுந்துவிடும். பழைய வயர் தூக்கிப் போடத்தானே போகிறோம் என்று நினைக்க வேண்டாம்: பித்தளைக் கிளிப் பிளக்கிலேயே தங்கிவிட்டால் அதை எடுப்பது தனி வேலை. பூட்டை முதலில் இடமும் வலமுமாக அரைச் சுற்று திருப்பி, பீங்கானோடு ஒட்டியதை விடுவித்து, பிறகு நேராக இழுங்கள்.

பூட் வந்ததும் பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணைக் காற்றடித்து வெளியேற்றுங்கள். பிளக்கையும் கழற்றிப் பார்ப்பதாக இருந்தால் இது அவசியம், இல்லாவிட்டால் மண் நேராக சிலிண்டருக்குள் போகும். பிளக் முனையின் இடைவெளி மேனுவல் சொல்லும் அளவில் இருக்கிறதா பாருங்கள். பாயிண்ட் (காயிலுக்குப் போகும் கரண்டை வெட்டிச் சேர்க்கும் தொடுமுனை) உள்ள பழைய கார்களில் பெரும்பாலும் 0.6 முதல் 0.7 மி.மீ., எலக்ட்ரானிக் இக்னிஷனில் அதைவிட அதிகம். திரும்பப் போடும்போது முதலில் ஸ்பேனர் இல்லாமல் கையாலேயே முழுக்கத் திருகி உட்காரவையுங்கள். வாஷர் உள்ள 14 மி.மீ. புதுப் பிளக் என்றால் அதன் பிறகு ஸ்பேனரால் அரை முதல் மூன்றில் இரண்டு சுற்று போதும். வாஷர் இல்லாத கூம்பு அடிப் பிளக் என்றால் 16-இல் ஒரு பங்கு சுற்றுதான். அதற்கு மேல் முறுக்கினால் ஹெட்டின் மரைக்கு ஆபத்து.

அடுத்து பலர் கவனிக்காத இடம்: பிளக்கின் தலை. சில வயர்களின் கிளிப், தலையில் உருண்டையான நட் உள்ள பிளக்குக்காகச் செய்தது. சில, நட் இல்லாத மெல்லிய 4 மி.மீ. மரைத் தண்டுக்காகச் செய்தது. நட் வேண்டிய இடத்தில் அது இல்லாமல் மாட்டினால், பூட் கச்சிதமாக உட்கார்ந்தது போலவே தெரியும். உள்ளே கிளிப் எதையும் பிடிக்காமல் ஆடிக்கொண்டிருக்கும். நட் இருந்தாலும் அது தளர்ந்திருக்கும் பிளக்குகள் நிறைய. குறடால் மென்மையாக ஒரு இறுக்கு கொடுத்துவிட்டு மாட்டுங்கள்.

பிளக் முனையை நேராக அழுத்தினால் ‘டக்’ என்று கிளிப் பிடிப்பது விரலுக்குத் தெரியும். தெரியாவிட்டால் உட்காரவில்லை. மாட்டிய பின் பூட்டைப் பிடித்து லேசாக மேலே இழுத்துப் பாருங்கள், நழுவக் கூடாது.

கேப் முனையில் வேறொரு சிக்கல் வரும். புது ரப்பர் இறுக்கமாக இருப்பதால் உள்ளே காற்று சிக்கிக்கொள்ளும். நீங்கள் அழுத்தியதும் கீழே போகும், கையை எடுத்த கொஞ்ச நேரத்தில் மெதுவாக மேலே எழும்பிவிடும். மெல்லிய பிளாஸ்டிக் டை ஒன்றை ரப்பர் விளிம்புக்கு அடியில் செருகிக்கொண்டு அழுத்துங்கள். காற்று சீறி வெளியேறும். முனை அடிவரை போனதும் டையை உருவிவிடுங்கள். அரைகுறையாக உட்கார்ந்த முனையில் கேப்புக்குள்ளேயே பொறி தாவித் தாவி, பித்தளை அரித்து, பச்சையும் வெள்ளையுமாகப் பொடி கட்டும். வண்டி சில வாரம் நன்றாக ஓடிவிட்டுப் பிறகு மிஸ்ஸிங் ஆரம்பிப்பது பெரும்பாலும் இப்படித்தான்.

மிகப் பழைய கேப்கள் சிலவற்றில் கிளிப்பே கிடையாது. வயரை வெட்டிச் செருகி, கேப்பின் உள்ளிருந்து கூர்முனை ஸ்க்ரூவால் குத்தி இறுக்குவார்கள். அந்த வகைக்குச் செம்புக் கம்பி வயர்தான் போட வேண்டும். கார்பன் நாரில் ஸ்க்ரூ பிடிக்காது.

காயிலிலிருந்து கேப்பின் நடுவுக்கு வரும் மெயின் வயரையும் மறக்காமல் மாற்றுங்கள். மற்ற வயர்கள் ஆளுக்கு ஒரு சிலிண்டருக்குத்தான் வேலை செய்கின்றன. இந்த ஒன்றின் வழியாகத்தான் எல்லாப் பொறியும் போகிறது.

கடைசியாக வயர் போகும் பாதை. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து குறைந்தது 2.5 செ.மீ. தள்ளி இருக்கட்டும். பழைய பிளாஸ்டிக் கிளிப்கள் உடைந்திருந்தால் புதியவை போடுங்கள். வயர்களை ஒன்றாகச் சேர்த்து டை போட்டு இறுக்கிக் கட்ட வேண்டாம். கூர்மையான தகட்டில் உரசக் கூடாது, விறைப்பாகவும் இருக்கக் கூடாது. ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது இன்ஜின் மவுண்டிங் மேல் சாயும், அந்த ஆட்டத்துக்கு இடம் விட வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் போகும் மெல்லிய சென்சார் வயரோடு சேர்ந்து ஓடவும் விடாதீர்கள்.

கேள்வி: எல்லா வயரையும் ஒன்றாகக் கழற்றிவிட்டேன். மாட்டிய பிறகு இன்ஜின் பாதி உயிரோடு ஆடுகிறது, கார்புரேட்டர் வழியாக ‘டப் டப்’ என்று வெடிக்கிறது. பழையபடி எப்படிக் கொண்டுவருவது?

பதில்: இன்ஜினை உடனே அணையுங்கள். வெடிப்பதால் ஏர் ஃபில்டரில் தீப்பிடிக்கலாம். எரியாத பெட்ரோல் சைலன்சருக்குப் போகும். காட்டலிட்டிக் கன்வர்ட்டர் உள்ள கார் என்றால் அது அளவுக்கு மீறிச் சூடாகிப் பாழாகும்.

உங்களுடையது பெரும்பாலும் இரண்டு வயர் இடம் மாறிய கேஸ். நாலு சிலிண்டர் இன்ஜின்களில் ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்களில் பொறி விழும் வரிசை, பெரும்பாலும் 1-3-4-2. சில இன்ஜின்களில் 1-2-4-3. எது என்பதை மேனுவலில் பாருங்கள், பல இன்ஜின்களில் மேனிஃபோல்ட் மேலோ டேப்பெட் கவர் மேலோ எழுத்து வார்த்திருக்கும். 2-ஆம் 3-ஆம் பிஸ்டன்கள் ஒரே நேரத்தில்தான் மேலே வரும். ஒன்று கம்ப்ரஷன் முடிவில், மற்றது எக்ஸாஸ்ட் முடிவில். அந்த இரண்டு வயரும் மாறினால், எக்ஸாஸ்ட் முடிந்து இன்டேக் வால்வு திறக்கத் தொடங்கும் நேரத்தில் பொறி விழும். உள்ளே வரும் கலவை பற்றி கார்புரேட்டர் வழியாகத் திரும்பி வெடிக்கும். 1-ஆம் 4-ஆம் சிலிண்டர் மட்டும் சரியாக ஓடும். பாதி உயிர் என்று நீங்கள் சொல்வது இதோடு பொருந்துகிறது.

திருத்தும் வழி: 1-ஆம் பிளக்கைக் கழற்றி, துளையை விரலால் மூடிக்கொண்டு இன்ஜினைக் கையால் சுற்றுங்கள். விரலைக் காற்று தள்ளும்போது பிஸ்டன் கம்ப்ரஷனில் மேலே வருகிறது. புல்லியில் உள்ள டைமிங் குறியை இன்ஜினில் உள்ள குறிக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்துங்கள். இப்போது கேப்பைத் தூக்கிப் பார்த்தால் ரோட்டர் எந்த முனையை நோக்கி நிற்கிறதோ அதுதான் 1. காற்றின் தள்ளலைப் பார்க்காமல் குறியை மட்டும் நம்பினால் ஒரு சுற்று தப்பி, 4-ஆம் சிலிண்டரை 1 என்று எடுத்துக்கொள்வீர்கள். அப்படி மாட்டினால் வண்டி ஸ்டார்ட்டே ஆகாது.

பிறகு ரோட்டர் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு, அந்தத் திசையிலேயே 1, 3, 4, 2 என்று மாட்டிக்கொண்டு போங்கள். கடிகார முள் திசையில் சுற்றும் டிஸ்ட்ரிபியூட்டரும் உண்டு, எதிர்த் திசையும் உண்டு. ஊகித்து மாட்டக் கூடாத இடம் இது.

கேள்வி: செம்பு, கார்பன், ஸ்பைரல் என்கிறார்கள். 7 மி.மீ., 8 மி.மீ. என்கிறார்கள். பழைய காருக்கு எது? தடித்த வயர் போட்டால் பவர் கூடுமா?

பதில்: கூடாது. பழைய வயர் லீக் ஆகிக்கொண்டிருந்தால் எந்தப் புது வயர் போட்டாலும் இழந்த பவர் திரும்பும், அதைத் தடிமனின் புண்ணியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 8 மி.மீ. என்பது ரப்பரோடு சேர்த்து வயரின் மொத்தத் தடிமனைத்தான் காட்டுகிறது. சூடு அதிகமுள்ள இடத்தில் அது உதவும். ஆனால் 7 மி.மீ.-க்குச் செய்த கிளிப்பில் நுழையாது.

பாயிண்ட் உள்ள காருக்குச் செம்புக் கம்பி வயர் போடலாம், ரேடியோவில் இரைச்சல் வரும். அதைக் குறைக்க ரெசிஸ்டர் உள்ள பிளக்கோ பிளக் கேப்போ சேர்க்க வேண்டும். எலக்ட்ரானிக் இக்னிஷன் உள்ள கார் என்றால் செம்புக் கம்பி வேண்டவே வேண்டாம். அதன் இரைச்சல் இக்னிஷன் மாட்யூலைக் குழப்பும். கார்பன் கோர் வயர் அந்தக் காலத்தில் கம்பெனியே போட்டது, விலை குறைவு, வேலை சரியாகச் செய்யும். காலப்போக்கில் ஓம் ஏறுவதுதான் அதன் குறை. மெல்லிய கம்பியைச் சுருளாகச் சுற்றிய ஸ்பைரல் வயரில் ஓமும் குறைவு, இரைச்சலும் அடங்கும், ஆயுளும் அதிகம். அடிக்கடி ஓட்டும் காருக்கு எங்கள் தேர்வு அதுதான்.

வெளி உறை சிலிக்கான் என்றால் சூட்டைத் தாங்கும், ஆனால் கூர்மையான விளிம்பில் சீக்கிரம் கிழியும். வழி நெடுக கிளிப் போட்டுக் கொண்டுபோவதாக இருந்தால் சிலிக்கான் வாங்குங்கள்.

கேள்வி: பூட்டுக்குள் கிரீஸ் தடவ வேண்டுமா?

பதில்: தடவலாம், சிலிக்கான் டைஎலக்ட்ரிக் கிரீஸ் மட்டும். பூட்டின் வாயில், உள்பக்கமாக, மெல்லிய பூச்சு போதும். ஈரம் நுழையாது, அடுத்த முறை ஒட்டாமல் கழன்று வரும். அது கரண்டைக் கடத்தாத கிரீஸ் என்பதால் பித்தளைக் கிளிப்பில் அப்ப வேண்டாம். பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைத்துக் கெடுத்துவிடும்.

கேள்வி: ஷெவர்லே ஸ்மால் பிளாக் V8 உள்ள பழைய கார். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று ஒரு பக்கத்து நான்கு வயரையும் சேர்த்துக் கட்டினேன். வயர் புதிது, வரிசையும் சரி. ஆனால் ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது நாக்கிங் சத்தம் வருகிறது.

பதில்: கட்டை முதலில் அவிழுங்கள். உங்கள் இன்ஜினின் ஃபயரிங் ஆர்டர் 1-8-4-3-6-5-7-2. இதில் 5-ம் 7-ம் வரிசையில் அடுத்தடுத்து வருகின்றன, இன்ஜினிலும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன. 5-ஆம் வயரில் கரண்ட் பாயும்போது அதை ஒட்டி, இணையாக ஓடும் 7-ஆம் வயரிலும் தூண்டலால் கரண்ட் எழும். அந்த நேரத்தில் 7-ஆம் பிஸ்டன் கம்ப்ரஷனில் பாதி வழியில் ஏறிக்கொண்டிருக்கிறது, மேலே வர இன்னும் 90 டிகிரி பாக்கி. அங்கே பொறி விழுந்தால் ஏறும் பிஸ்டனை எரியும் வாயு எதிர்த்துத் தள்ளும். நீங்கள் கேட்கும் சத்தம் அது. நாள்பட விட்டால் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் சேதம். வயரில் வெடிப்பே இல்லாமல் நடக்கும் கோளாறு என்பதால் இருட்டில் பார்த்தாலும் பிடிபடாது.

5-க்கும் 7-க்கும் நடுவில் மற்ற வயர்களை விட்டு, இரண்டையும் தூரப் பிரித்துக் கொண்டுபோங்கள். எங்காவது சந்தித்தே ஆக வேண்டும் என்றால் குறுக்காகக் கடக்கட்டும், இணையாக ஓடக் கூடாது. ஃபோர்டின் பழைய V8 ஒன்றில் ஆர்டர் 1-5-4-2-6-3-7-8. அதில் இதே எச்சரிக்கை 7-க்கும் 8-க்கும் பொருந்தும்.

கேள்வி: என் காரில் டிஸ்ட்ரிபியூட்டர் இல்லை, இரண்டு காயில் உள்ள பெட்டியிலிருந்து நான்கு வயர் போகிறது. ஒரு வயர் கெட்டதாகச் சொன்னார்கள், ஆனால் இரண்டு சிலிண்டர் மிஸ்ஸிங் ஆகிறது. எப்படி?

பதில்: அந்த அமைப்பில் ஒரே காயிலின் இரு முனையும் இரண்டு பிளக்கோடு சேர்ந்திருக்கும், 1-உம் 4-உம் ஒரு ஜோடி, 2-உம் 3-உம் ஒரு ஜோடி. கரண்ட் ஒரு பிளக் வழியாகப் போய் ஹெட்டைக் கடந்து மற்ற பிளக் வழியாகத் திரும்புகிறது. பாதையில் எங்கே அறுந்தாலும் இரண்டுமே பாதிக்கப்படும். உங்களுடைய இரண்டு சிலிண்டரும் ஒரே ஜோடி என்றால் கெட்டது ஒரு வயராகவே இருக்கலாம். ஆனாலும் நான்கையும் மாற்றுங்கள், வயது நான்குக்கும் ஒன்றுதான்.

ஒன்று சொல்ல வேண்டும்: எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்க, ஓடும் இன்ஜினில் வயரைப் பிடுங்கிப் பார்க்கும் பழக்கம் எலக்ட்ரானிக் இக்னிஷனில் கூடாது. வெளியேற வழியில்லாத கரண்ட் காயிலின் உள் இன்சுலேஷனையும் மாட்யூலையும் துளைத்துவிடும். இன்ஜினை அணைத்து, வயருக்கும் பிளக்குக்கும் நடுவில் ஸ்பார்க் டெஸ்டரை மாட்டி, பிறகு ஓடவிட்டுப் பாருங்கள்.

கேள்வி: பிளக் ஆழமான குழிக்குள் இருக்கிறது. பூட் ஒட்டிக்கொண்டு வரவே இல்லை, இழுத்ததில் மேல்பாதி கிழிந்துவிட்டது. குழியில் எண்ணெயும் நிற்கிறது.

பதில்: மீதியை ஸ்க்ரூ டிரைவரால் நெம்ப வேண்டாம். பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்தாலும் அந்த வழியாகக் கரண்ட் லீக் ஆகும். சிலிக்கான் ஸ்பிரேயைக் குழிக்குள் அடித்துச் சிறிது நேரம் ஊறவிட்டு, நீண்ட மூக்குக் குறடால் ரப்பரை மட்டும் பிடித்துத் திருப்பித் திருப்பி எடுங்கள். பிளக்கைக் கழற்றும் முன், துண்டுத் துணியைக் கம்பியில் சுற்றி எண்ணெயை ஒற்றி எடுத்து, ரப்பர்த் துணுக்குகளைக் காற்றடித்தோ உறிஞ்சியோ அகற்றிவிடுங்கள்.

எண்ணெய் வருவது டேப்பெட் கவர் கேஸ்கெட்டிலிருந்தோ குழாயைச் சுற்றியுள்ள சீலிலிருந்தோதான். அதை மாற்றாமல் புது வயரை மாட்டினால் ரப்பர் எண்ணெயில் ஊறி உப்பி, இளகி, மறுபடியும் இதே இடத்தில் கிழியும். முதலில் சீல், பிறகு வயர்.